கீழ்கணக்குக்கு ரெண்டாம் நம்பர்

சுலக்ஷனாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஜீவராஜுக்கு வாய் ஓயாது. வட்டகொடை ஸ்டேஷனில் அவனுடைய த்ரீவீலில் ஏறிக் கருங்கல் தோட்டத்துக்குப் போகிற எவரும் அதற்குத் தப்பியதில்லை. "எம் பொஞ்சாதி வெப் பக்கம் செய்றா, தெரியும்ல?" என்று முதல் வளைவிலேயே தொடங்கிவிடுவான். ஏறியவர் பாவம், மரியாதைக்கு "அப்பிடியா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தொலைந்தார். பெண்டாட்டி புராணம் பாடுகிறவன் என்று ஸ்டாண்டில் மற்ற டிரைவர்மார் கேலி பண்ணினார்கள். பண்ணட்டுமே! அவள் என்ன சும்மா ஆளா?

தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நாள் முழுக்க ஒன்று அழும், ஒன்று கடிக்கும், ஒன்று மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு மடியில் ஏறும். அந்த அமளியெல்லாம் முடிந்து, சனிக்கிழமை வந்தால் கொட்டகலைக்குப் பஸ் ஏறிவிடுவாள். அங்கே ரஜனி டீச்சர் என்று யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, தோட்டத்துப் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தாள். வகுப்பில்தான் கம்ப்யூட்டர். வீட்டுக்கு வந்தால் மூலை உடைந்த ஒரு போன். அந்தப் போனில், கோணல் அடைப்புக்குறி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடித் தேடித் தட்டி, வெப் பக்கம் எழுதப் பழகினாள் மகராசி.

முதலில் அவள் பட்ட பாடு கொஞ்சமா? நான்கு வரி எழுதி, வரிக்கு வரி என்டர் தட்டி, ஆசையாகத் திறந்து பார்த்தால் நான்கும் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே வரியாக நின்றன. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே கூத்து. "நான் தட்டுறது இதுக்குக் கேக்கவே மாட்டேங்குதுங்க" என்று கண் கலங்கிவிட்டாள். வரியை உடைக்க அதற்கென்று ஒரு டேக் போட வேண்டுமாம். அதாவது, பக்கத்துக்கு நாம் சொல்கிற உத்தரவு. அது தெரிந்த அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுத்த வாரம் எழுத்தைத் தடிப்பாக்கப் படித்து வந்தாள். ஒரே ஒரு சொல்லைத் தடிப்பாக்கப் போனவள், பக்கம் முழுக்கத் தடித்துப்போய் நிற்கிறதைப் பார்த்து விழித்தாள். ஜீவராஜ் வாசலில் த்ரீவீலைக் கழுவிக்கொண்டிருந்தவன், ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன புள்ள, எல்லாம் வீங்கிப் போச்சு?"

"தொறந்த டேக்க மூட மறந்துட்டேங்க. தொறந்தா மூடணும். இல்லாட்டி நிக்காம போய்க்கிட்டே இருக்கும்." அவனை ஒரு பார்வை பார்த்தாள். "உங்க வாய் மாதிரி."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் ஸ்டாண்டில் இதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் கோயில் கமிட்டிச் செயலாளர் கணேசமூர்த்தி வீடு தேடி வந்தார். அவர் வந்த காரியத்தைச் சொல்வதற்கு முன், இந்தத் தோட்டத்துப் பழைய வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும். கருங்கல் தோட்டத்துக்கு இரண்டு பிரிவு. மலை உச்சிப் பக்கம் மேல்கணக்கு, ஆற்றோரம் கீழ்கணக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரே மாரியம்மன் கோயில். கரகம் எந்தக் கணக்கு லயத்து வரிசை வீடுகளுக்கு முதலில் போவது என்று ஒரு வருடம் சண்டை வந்து, கைகலப்பாகி, கீழ்கணக்குக்காரர்கள் தங்கள் பக்கம் தகரக் கொட்டகை போட்டு ஓர் அம்மனை வைத்து, அதே நாளில், வேண்டுமென்றே அதே நாளில், தனித் திருவிழா நடத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

சுலக்ஷனா கீழ்கணக்கில் பிறந்தவள். ஜீவராஜைக் கட்டிக்கொண்டு மேல்கணக்குக்கு வந்தவள். கல்யாணமான நாளிலிருந்து திருவிழா அன்றைக்கு அவளுக்கு அம்மா முகம் பார்க்கக் கிடைத்ததே இல்லை. மகள் மேல்கணக்கில் மாவிளக்குத் தூக்க, அம்மா ராசம்மா கீழ்கணக்கில் தனியாகத் தூக்குவாள். ஒரே மலையில் இரண்டு தப்பு மேளச் சத்தம் கேட்கும். சுலக்ஷனா கூட்டத்தோடு நடந்துகொண்டே கீழேயிருந்து வருகிற சத்தத்துக்குத்தான் காது கொடுப்பாள். ஜீவராஜ் அதை வருடா வருடம் பார்த்து, ஒன்றும் செய்ய முடியாமல் மனசுக்குள் வெந்துகொண்டிருந்தான்.

இந்த வருடம் எப்படியோ இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் இறங்கி வந்தார்கள். ஒரே கோயில், ஒரே திருவிழா என்று முடிவாயிற்று. அதற்குத்தான் கணேசமூர்த்தி வந்திருந்தார்.

"கொழும்புல கடையில நிக்கிற பயலுகளுக்கும் கட்டார்ல இருக்கிறவங்களுக்கும் நோட்டீஸ் போய்ச் சேரவே மாட்டேங்குது தாயி. நீ என்னமோ இன்டர்நெட்டுல பக்கம் போடுறியாமே? ரெண்டு பக்கமும் ஒனக்குச் சொந்தம். நீ போட்டாதான் ஒருத்தனும் கொறை சொல்ல மாட்டான்."

சுலக்ஷனாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த வருசம் அம்மாவோட போவேங்க" என்று இரண்டு தடவை சொன்னாள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மடுவத்தில் ஆள் இல்லை என்று அவளை வேலைக்கு நிறுத்திக்கொண்டார்கள். தலைப்புப் போடுகிற பாடம் நடந்தது பாழாய்ப்போன அந்தச் சனிக்கிழமைதான். கூடப் படிக்கிறவளைப் போனில் கேட்டதற்கு, "தலைப்புக்கு எச் ஒண்ணு போடணும்" என்று மட்டும் சொன்னாள். சுலக்ஷனா யோசித்தாள். முதல் தலைப்புக்கு எச் ஒன்று என்றால், இரண்டாம் தலைப்புக்கு எச் இரண்டு, மூன்றாம் தலைப்புக்கு எச் மூன்று. வேறென்ன இருக்க முடியும்? காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற மாதிரி வரிசையாகத்தான் போகும் என்று நினைத்துவிட்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அம்மன் பெயரை எல்லாவற்றுக்கும் மேலே தடிப்பாகப் போட்டாள். அதற்குக் கீழே முதல் தலைப்பு, மேல்கணக்கு. இரண்டாவது, கீழ்கணக்கு. மூன்றாவது, தேயிலை ஸ்டோரை ஒட்டியிருக்கிற ஸ்டோர் லயம். ஒவ்வொன்றின் கீழும் அவரவர் உபயம், அவரவர் பூசை, அவரவர் அன்னதானம். எழுத்து கீழே போகப் போகச் சிறுக்கிறதை அவளும் பார்த்தாள்தான். போன் சின்னது, இடம் போதவில்லை, அதுதான் நெருக்கிக்கொள்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெயர்களில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு பிழை கிடையாது! லிங்க் இரண்டு கணக்கு வட்ஸ்அப் குழுவுக்கும் போனது.

ஒரு நாள் முழுக்க ஒரே பாராட்டு. மறுநாள் கட்டாரிலிருந்து கீழ்கணக்குப் பையன் ஒருவன் படம் பிடித்துப் போட்டான். மேல்கணக்கு என்ற எழுத்தையும் கீழ்கணக்கு என்ற எழுத்தையும் வட்டம் போட்டுக் காட்டி, "எங்க பேரு மட்டும் ஏன் சின்னதா இருக்கு?" என்று கேட்டிருந்தான்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. கோயில் நோட்டீஸ் என்பது தோட்டத்தில் லேசுப்பட்ட விஷயமா? தேங்காய் கொடுத்தவர் பெயர்கூட அதில் வரும். அச்சகத்திலிருந்து கட்டு வந்து இறங்கியதும், யார் பெயர் எந்த அளவு என்று தீக்குச்சி வைத்து அளக்கிற ஆட்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இப்படி ஒரு பக்கம்! "மேல்கணக்கு மேலதானே இருக்கும், இதுல என்ன?" என்று இங்கேயிருந்து எவனோ ஒரு புத்திசாலி பதில் போட்டு எண்ணெயை ஊற்றினான். சாயந்தரத்துக்குள் கீழ்கணக்கு தகரக் கொட்டகையைக் கூட்டிக் கழுவ ஆரம்பித்துவிட்டது.

அதையெல்லாம்கூட சுலக்ஷனா தாங்கிக்கொண்டிருப்பாள். ராசம்மா போன் பண்ணினாள். ஜீவராஜ் பக்கத்தில்தான் இருந்தான், அவனுக்கும் கேட்டது.

"கட்டிக் குடுத்ததும் பொறந்த எடம் ஒனக்குச் சின்னதாப் போச்சா?"

"அம்மா, அது வந்து..."

"வேணாம். நீ நல்லா இரு." போன் வைக்கப்பட்டது. திரும்ப எடுத்தால் எடுக்கவில்லை.

சுலக்ஷனா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பார்க்கச் சகிக்கவில்லை அவனுக்கு. யாரை அடிப்பது என்றும் தெரியவில்லை. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு அவள் செய்த முதல் காரியம், ரஜனி டீச்சருக்குப் போன் பண்ணியது.

"ஐயோ சுலக்ஷனா, அது வரிசை இல்லையப்பா, அது அளவு" என்றாள் டீச்சர். "ஒண்டு பெரிசு. ஆறுதான் ஆகச் சின்னன். இன்னுமொண்டு, எச் ஒண்டு ஒரு பக்கத்துக்கு ஒருக்காத்தான் வரவேணும். அது பக்கத்தின்ர பேருக்கு. மிச்சமெல்லாம் அதுக்குக் கீழ."

சுலக்ஷனா "ஒருக்காத்தானா டீச்சர்?" என்று மறுபடி கேட்டாள். போனை வைத்துவிட்டு, தான் போட்ட பக்கத்தைத் திறந்து மேலிருந்து அடிவரைக்கும் ஒரு தடவை பார்த்தாள்.

"அப்பறம் என்ன புள்ள, நம்பர மாத்திவிட்டுரு. முடிஞ்சுது சோலி" என்றான் ஜீவராஜ்.

"இப்ப மாத்துனா, மாட்டிக்கிட்டதும் மாத்திட்டான்னுதான் சொல்லுவாங்க. அம்மாவும் அதத்தான் நெனப்பாங்க. ஞாயித்துக்கெழம கூட்டம் இருக்குல்ல, அங்க வச்சு மாத்துறேன்."

"கூட்டத்துல பொம்பளைங்க எந்திரிச்சுப் பேசி நான் பாத்ததே இல்லையே!"

"அப்ப பாத்துக்குங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் முற்றத்தில் பனி விலகாத நேரத்திலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் மேல்கணக்கு, ஒரு பக்கம் கீழ்கணக்கு, நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு வெறுந்தரை. ராசம்மா கீழ்கணக்குப் பெண்களோடு உட்கார்ந்து, மகள் இருந்த பக்கமே திரும்பாமல் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்கணக்குக்காக எழுந்து நின்றவன் வேறு யாருமில்லை, சுலக்ஷனாவின் சொந்தத் தம்பி பிரதாப்தான்.

"எங்க பேரச் சின்னதாப் போட்டுட்டு எங்கள ஒண்ணா வாங்கன்னா எப்பிடி வர்றது? நாங்க எங்க கொட்டகையிலயே கும்புட்டுக்கிறோம்" என்றான். அக்காவை அவன் பார்க்கவில்லை.

கணேசமூர்த்தி வாயைத் திறப்பதற்குள் சுலக்ஷனா எழுந்தாள்.

"தப்பு என்னுது" என்றாள். "ஆனா வேணும்னு செய்யல. அதுக்குச் சாட்சி அந்தப் பக்கத்துலயே இருக்கு. எல்லாரும் போன எடுத்துத் தொறங்க. கடைசி வரைக்கும் கீழ தள்ளுங்க."

முற்றத்தில் போன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் தள்ளினார்கள். வைத்திராதவர்கள் பக்கத்தில் இருந்தவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், தங்கள் கணக்கு எழுத்தைப் பார்த்ததோடு நின்றுவிட்டவர்கள்தான் எல்லாரும். அடிவரைக்கும் போனவர் ஒருவருமில்லை. ஜீவராஜும் போகவில்லை. ஸ்டோர் லயத்துக்குக் கீழே பூசாரி பெயர், அதைவிடச் சின்ன எழுத்து. அதற்குக் கீழே தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா, அதைவிடச் சின்னது. எல்லாவற்றுக்கும் கடைசியில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில் ஒரு வரி.

"தோட்டத் துரை அவர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி" என்று பிரதாப் சத்தம் போட்டு வாசித்தான். வாசித்து முடித்தபிறகுதான் தான் என்ன வாசித்தோம் என்று அவனுக்கு உறைத்தது.

இந்தத் தோட்டத்தில் எந்த நோட்டீஸிலும் துரை பெயர் உச்சியில், கட்டை எழுத்தில், அம்மனுக்கே சரிசமமாக நிற்கும். அது பாட்டன் காலத்துச் சட்டம்.

"சொல்லுங்க" என்றாள் சுலக்ஷனா. "பெருசு சிறுசு தெரிஞ்சு போட்டவளா இருந்தா, தொரையத் தூக்கி அங்க போட்டிருப்பேனா? வேலைய விட்டு ஓடிப்போறவகூட அந்தக் காரியம் செய்யமாட்டா!"

முதலில் சிரித்தது கீழ்கணக்குப் பெண்களில் ஒருத்தி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை அவளுக்கு. பிறகு மேல்கணக்கில் ஒருத்தி. பிறகு முற்றமே குலுங்கியது. கணேசமூர்த்தி மட்டும் வியர்த்துப்போய், யாராவது துரை பங்களாவுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ராசம்மா தூணை விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். ஜீவராஜ் அதைக் கவனித்தான். அவனுக்கு அங்கேயே எழுந்து கை தட்ட வேண்டும்போல இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் சுலக்ஷனா நம்பர் விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தாள். ஒன்று என்றால் பெரிது, ஆறு என்றால் சின்னது, தான் அதை வரிசை என்று நினைத்து மோசம் போனது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்ப எங்களுக்கும் ஒண்ணு போட்டுரு" என்றான் பிரதாப். குரலில் பழைய சூடு இல்லை.

"போட முடியாது. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு ஒண்ணுதான். அது யாருக்குன்னு நான் முந்தியே யோசிச்சிருக்கணும்." போனைத் தட்டிக்கொண்டே பேசினாள். "ஒண்ணு ஆத்தாளுக்கு. நாம எல்லாரும் ரெண்டு. மேல்கணக்கும் ரெண்டு, கீழ்கணக்கும் ரெண்டு, ஸ்டோர் லயமும் ரெண்டு."

மேல்கணக்குப் பக்கமிருந்து நிரோஷன் என்ற வாலிபன் துள்ளி எழுந்தான். "இது நல்லா இருக்கே! ஒண்ணுல இருந்த எங்கள எதுக்கு எறக்குற?"

"ஆத்தாளுக்குக் கீழதான் எறக்குறேன். வேணாம்னா சொல்லுங்க, ஆத்தாள எறக்கிட்டு உங்கள ஏத்திர்றேன்."

"ஐயையோ!" நிரோஷன் கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் உட்கார்ந்த வேகத்தைப் பார்த்து மறுபடி ஒரு சிரிப்பு எழும்பியது.

என்ன மூளை இவளுக்கு! ஜீவராஜ் வாயைப் பிளந்தபடி நின்றான். எத்தனை பெரிய மனுஷர்கள் பேசித் தீர்க்க முடியாததை, டீச்சர் சொன்ன ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு இவள் தீர்த்துவிட்டாளே! இரண்டு பக்கத்து ஆட்களும் போனில் அந்தப் பக்கத்தை மூடித் திறந்து பார்த்தார்கள். உச்சியில் அம்மன் பெயர் பெரிதாக நின்றது. கீழே இரண்டு கணக்கும் ஒரே அளவு. சந்தேகப் பிராணி ஒருவர் தீக்குச்சியை எடுத்துத் திரையில் வைத்து இரண்டையும் அளந்தே பார்த்துவிட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"பூசாரிக்கும் கண்டாக்கையாவுக்கும் போட்டாச்சு" என்றாள் சுலக்ஷனா. "இனி தொரைக்கும் ரெண்டு போட்டா..."

"இருடி."

ராசம்மா எழுந்திருந்தாள். நடுவில் இருந்த வெறுந்தரையைத் தாண்டி வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்று, போனுக்குள் குனிந்து பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரலால் அந்தக் கடைசி வரியைக் காட்டினாள்.

"இது எத்தனாம் நம்பரு?"

"ஆறும்மா. அதுக்குக் கீழ நம்பரே கெடையாது."

ராசம்மா அந்த வரியை நிறைய நேரம் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்து முடித்தாள்.

"மாத்தாத" என்றாள். "நாங்க பரம்பரை பரம்பரையா ஆறுலதான கெடந்தோம். திருவிழா முடியிற வரைக்கும் அவரும் கொஞ்சம் கெடக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை இப்போது. மேல்கணக்கில் வயதான பெண் ஒருத்தி "ஆமா" என்றாள். கீழ்கணக்கிலிருந்தும் ஒரு "ஆமா" வந்தது. பிரதாப் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினான். நிரோஷனும் ஆட்டினான். சுலக்ஷனா திரையிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு எல்லாரும் கணேசமூர்த்தியைப் பார்த்தார்கள். செயலாளர் அவர்தானே, பங்களாவில் போய்ப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

கணேசமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்ததைத் திரும்பப் போட்டுக்கொள்ளாமல் சட்டைப் பைக்குள் வைத்துப் பட்டனையும் மாட்டிக்கொண்டார்.

"இந்த வயசுல பொடி எழுத்தெல்லாம் யாருக்குத் தெரியுது?" என்றார். "அடுத்த விசயத்துக்கு வாங்க. கரகம் எந்த லயத்துக்கு மொதல்ல போறது?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க மாமா" என்றான் பிரதாப்.

ராசம்மா தன் இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.